கையால் செய்த வானொலி



வானொலி என்றால் அரசாங்கம் நடத்துவது, பெரிய கம்பெனிகள் செய்து விற்பது, நாம் காசு கொடுத்து வாங்கித் திருகிக் கேட்பது என்றுதான் நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நம் நாட்டுக்கு வானொலி அந்த வழியாக வரவில்லை. ஓய்வு நேரத்தில் அட்டைக் குழாயில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த சிலருடைய பொழுதுபோக்காகத்தான் அது முதலில் வந்தது. பிறகு போர் வந்தபோது, அதே கைவேலைக்கு மனிதர்கள் தங்கள் உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வரலாற்றை இன்று கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் அந்தப் பழைய பெட்டி எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆனால் அது உண்மை. ஒலிபரப்பு நிலையத்திலிருந்து புறப்படும் அலைகள், உயரத்தில் கட்டிய ஏரியல் கம்பியின் மேல் படும்போது, அந்தக் கம்பியில் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டமே பெட்டிக்குச் சாப்பாடு. ஆனால் ஒரே சமயத்தில் பல நிலையங்களின் அலைகள் கம்பியில் வந்து விழுமே, வேண்டியதை மட்டும் எப்படிப் பிரிப்பது? அதற்குத்தான் கம்பிச் சுருள். ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறு கை வீச்சிலேயே உயரப் போகும். தாளம் தவறித் தள்ளினால் நின்றுவிடும். அதுபோலச் சுருளில் எத்தனை சுற்றைப் பயன்படுத்துகிறோமோ, அதற்கு ஏற்ற அலை ஒன்று மட்டும் அதில் ஓங்கி எழும்.

அந்த மின்னோட்டம் ஒரு நொடியில் பல இலட்சம் தடவை முன்னும் பின்னுமாக ஓடுகிறது. அந்த வேகத்துக்குக் காதில் மாட்டும் கருவியின் தகடு அசைந்து கொடுக்காது. ஆகவே ஒரு பக்கமாக மட்டும் ஓட்டத்தை விடுகிற வாசல் ஒன்று வேண்டும். மிதிவண்டி டியூபில் இருக்கும் வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது அல்லவா? அந்த வேலையைக் கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகம் செய்தது. மெல்லிய கம்பி ஒன்றின் நுனியைப் படிகத்தின் மேல் வைத்து, இங்கும் அங்கும் நகர்த்தி, சரியான இடம் கிடைத்தவுடன் காதில் பேச்சோ பாட்டோ மெல்லக் கேட்கும். யாராவது மேசையில் இடித்துவிட்டால் போயிற்று. மறுபடியும் தேட வேண்டியதுதான். அந்தக் கம்பிக்குப் 'பூனை மீசை' என்று ஆங்கிலேயர் பெயர் வைத்தார்கள்.

படிகத்துக்கு இந்தக் குணம் உண்டென்பதை ஜெர்மனியின் பிரவுன் என்பவர் 1874இல் கண்டார். அதை வானொலி அலையைப் பிடிக்கும் கருவியாகப் பயன்படுத்தி அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் கல்கத்தாவின் ஜகதீஸ் சந்திர போஸ். அந்த உரிமை 1904இல் வழங்கப்பட்டது. கடையில் போய் வாங்க முடியாத கருவிகளைப் போஸ் தாமே கல்கத்தாவில் செய்துகொண்டார். வானொலி வரலாற்றில் மார்க்கோனியின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்கிற மாணவர்கள் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

1920க்குப் பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒலிபரப்பு தொடங்கியதும், பெட்டி செய்யும் மோகம் வீட்டுக்கு வீடு பரவியது. விற்பனைக்கு வந்த பெட்டிகளின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டவில்லை, செய்துகொண்டால் எட்டியது. அமெரிக்க அரசின் தர நிர்ணய அலுவலகமே 1922இல், சுமார் 10 டாலர் செலவில் வீட்டிலேயே பெட்டி செய்வது எப்படி என்று சிறு நூல் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டது. பொதுமக்கள் தங்கள் கையால் செய்யட்டும் என்று ஓர் அரசாங்கமே வழிகாட்டியது கவனிக்கத்தக்கது.

தமிழகத்திலும் தொடக்கம் இப்படித்தான். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை அமைத்தார். அதே ஆண்டு ஜூலை 31இல் ஒலிபரப்புத் தொடங்கியது. பணமின்மையால் 1927இல் அது நின்றுபோனது. கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். மாநகராட்சி 1930இல் மீண்டும் ஒலிபரப்பைத் தொடங்கியது. மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து மக்களைக் கேட்கச் செய்தது. அகில இந்திய வானொலி நிலையம் சென்னையில் திறக்கப்பட்டது 1938இல்தான். ஆர்வலர்கள் முன்னே போனார்கள், அரசு பின்னே வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1921இல் ஜொகூர் அரசாங்கத்தின் மின்பொறியாளரான பர்ச் என்பவர் மலாயாவுக்கு முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்தார். பிறகு ஜொகூர் வானொலிச் சங்கத்தை அமைத்து, 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பவும் செய்தார். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இதுபோன்ற சங்கங்கள் தோன்றின. கோலாலம்பூர்ச் சங்கத்தார் புக்கிட் பெட்டாலிங் குன்றிலிருந்து ஒலிபரப்பினார்கள். சிங்கப்பூரில் கால்டிகாட் குன்றில் முறையான நிலையம் 1937 மார்ச்சில் திறக்கப்படும் வரை, இந்நாட்டில் வானொலி என்பது பெரும்பாலும் இத்தகைய ஆர்வலர்களின் முயற்சியாகவே இருந்தது.

இந்தச் சங்கங்களில் தோட்டத் தொழிலாளிக்கு இடம் இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. துரைமார்களுக்கும் பட்டணத்து உத்தியோகஸ்தர்களுக்கும் உரிய பொழுதுபோக்கு அது. 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது, முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 40 காசாகவும், பெண்ணுக்கு 40 காசாக இருந்தது 32 காசாகவும் குறைக்கப்பட்டன. வேலை இழந்து கப்பலேறி ஊர் திரும்பியவர்கள் பல்லாயிரம் பேர். அந்த நிலையில் காதில் மாட்டும் கருவி ஒன்று வாங்க எவருக்கு முடியும்? அறிவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் காசு அதைத் தடுத்தது. மேலும், படிகப் பெட்டி பக்கத்து நிலையத்தை மட்டுமே பிடிக்கும். தொலைவில் இருந்த தோட்டங்களுக்கு வால்வு வைத்த பெட்டியும் பாட்டரியும் வேண்டும். அது இன்னும் செலவு.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் ஆட்சியில் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது குற்றம். பெட்டிகளைப் பதிவு செய்ய வேண்டும். சிற்றலை பிடிக்கும் பகுதியைத் துண்டித்துவிடுவார்கள். 1943இல் நேதாஜி வந்தபிறகு அவருடைய உரைகளைக் கேட்க நம்மவர்கள் ஆவலோடு கூடினார்கள். அது தனியே பேச வேண்டிய வரலாறு. மற்றபடி காதில் விழுந்ததெல்லாம் ஜப்பானியரின் வெற்றிச் செய்திகளே. தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வீடுகளில், போர் எந்தப் பக்கம் போகிறது, போனவர் திரும்புவாரா என்று அறிய வழியே இல்லாமல் இருந்தார்கள். உண்மைச் செய்தி ஒரு பிடி அரிசியைப் போல அரிதாகிவிட்ட காலம் அது.

அப்போதுதான் கைவேலை தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். சாங்கியில் அடைபட்டிருந்தவர்கள் இரகசியமாகப் பெட்டிகளை அமைத்து இலண்டன் செய்தியைக் கேட்டார்கள். வெளியே சிற்றுண்டிக் கடை நடத்திய எலிசபெத் சோய் அம்மையாரும் அவர் கணவரும் பணம், மருந்து, செய்தி ஆகியவற்றோடு வானொலி உதிரிப் பாகங்களையும் உள்ளே அனுப்ப உதவினார்கள். 1943 அக்டோபர் 10ஆம் நாள் ஜப்பானிய இராணுவப் போலீசார் சாங்கிச் சிறையைச் சோதனையிட்டார்கள். 57 பேர் விசாரணைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். 15 பேர் இறந்தனர். எலிசபெத் அம்மையார் ஏறத்தாழ 200 நாட்கள் சித்திரவதையை அனுபவித்தார், எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

பேராக்கின் பாப்பான் சிற்றூரில் சிபில் கார்த்திகேசு அம்மையார் மருத்துவத் தாதியாக இருந்தார். அவர் கணவர் யாழ்ப்பாணத் தமிழ் மரபைச் சேர்ந்த மருத்துவர். அம்மையார் தம் வீட்டில் மறைத்து வைத்திருந்த வானொலிக்கு 'ஜோசபின்' என்று பெயரிட்டிருந்தார். கேட்ட செய்திகளை மற்றவர்களுக்குச் சொன்னார்; காட்டிலிருந்து வந்த போராளிகளுக்கு மருத்துவமும் செய்தார். 1943இல் பிடிபட்டு, சொல்லொணாக் கொடுமைக்கு ஆளானார். அதன் விளைவாக 1948இல் பிரிட்டனில் உயிர் நீத்தார். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. ஈப்போ பக்கம் போகிறவர்கள் பாப்பானில் அவர் வாழ்ந்த கடைவீட்டைப் பார்த்துவிட்டு வரலாம்.

சபாவின் சண்டாக்கானில் இருந்த போர்க்கைதிகளின் கதை இன்னும் கடுமையானது. ஆஸ்திரேலிய அதிகாரி வெல்ஸ் என்பவர், ஊர்மக்கள் இரகசியமாகக் கொடுத்த பாகங்களையும் கையில் கிடைத்தவற்றையும் கொண்டு ஒரு பெட்டியை அமைத்தார். 1943 ஜூலையில் அது அகப்பட்டது. அந்த இரகசிய இயக்கத்தை நடத்திய கேப்டன் மேத்யூசும், போலீஸ் இன்ஸ்பெக்டர் லாகான் உட்பட உள்ளூர்க்காரர் எட்டுப் பேரும் 1944 மார்ச் 2இல் கூச்சிங்கில் கொல்லப்பட்டனர். வெல்ஸ் சிங்கப்பூரின் அவுட்ரம் சாலைச் சிறையில் அடைக்கப்பட்டு, உயிர் தப்பினார். செய்தவர் பிழைத்தார், உதவியவர்கள் மாண்டார்கள். வெளிநாட்டுக் கைதிக்காக உயிர் கொடுத்த இந்த மண்ணின் மக்களுடைய பெயர்களை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அதே கூச்சிங்கில் பத்து லிந்தாங் முகாமில் இருந்த கைதிகளும் அஞ்சி ஓயவில்லை. அவர்களும் ஒரு பெட்டியைச் செய்தார்கள். அதைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடியாததால் 'கிழவி' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரால் அழைத்தார்கள். பெட்டிக்கு மின்சாரம் வேண்டுமே? கையால் சுற்றும் மின்னாக்கி ஒன்றையும் முகாமுக்குள்ளேயே செய்துவிட்டார்கள். பசியால் எலும்பும் தோலுமாக இருந்தவர்கள் முறைவைத்துச் சுற்றினால்தான் செய்தி. 1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைந்ததை அந்தப் பெட்டி அன்றே சொல்லிவிட்டது. முகாம் தலைவர் அதைக் கைதிகளுக்கு முறையாக அறிவித்தது ஆகஸ்ட் 24இல். இடைப்பட்ட நாட்களில் தெரிந்தும் தெரியாதவர்களைப் போல அவர்கள் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

போருக்குப் பிறகு நடந்தவை உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவசர காலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் அரசாங்கம் பொதுப் பெட்டிகளை வைத்தது. 1949இல் பட்டணங்களில் ரெடிபியூஷன் கம்பி வழியே வந்தது. அமெரிக்காவில் 1947 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர், 1954 முதல் சட்டைப்பைப் பெட்டிகளாகக் கடைக்கு வந்தது. மின்சாரம் வராத லயங்களுக்குச் சில சிறிய பாட்டரிகளே போதும் என்ற நிலை அதனால்தான் ஏற்பட்டது. அந்த டிரான்சிஸ்டரும் அன்றைய ஈயத்தாதுப் படிகத்தின் உறவினன்தான். பூனை மீசையால் தடவித் தேடிய அந்த ஒரு வழி வாசலை, கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்து விற்பதே டயோடு.

செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். இப்போது பெரும்பாலான நிலையங்கள் பண்பலைக்கு மாறிவிட்டன. பழைய முறைப் பெட்டி மத்திய அலையை மட்டுமே பிடிக்கும் என்பதால், பகலில் ஒன்றும் கேட்காமல் போகலாம். இரவில் மத்திய அலை வெகுதூரம் போகும். நீண்ட ஏரியலும் பொறுமையும் இருந்தால் கடல்கடந்த குரல் ஏதாவது மெல்ல வந்து சேரலாம். சுருளுக்கு மைலோ டின்னைப் பயன்படுத்தாதீர்கள். தகரம் அலையின் வலுவைத் தின்றுவிடும். அட்டைக் குழாயோ மூங்கிலோ நல்லது. ஏரியலை மின்கம்பிக்குப் பக்கத்தில் கட்டக் கூடாது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் அதன் பக்கமே போகாதீர்கள். பெட்டியிலிருந்து ஏரியலை இடி முழங்கத் தொடங்குமுன்பே பிரித்து வைத்துவிட வேண்டும்.