கண்மாய் வண்டலும் அனுமதியின் காலமும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறண்ட நிலத்தை முன்வைத்து

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் ஈரநிலம் என்பது பெரும்பாலும் கண்மாயையே குறிக்கும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வறளும் இந்நீர்நிலைகளில் வண்டல் அள்ள வாய்ப்பது, நீர் வற்றியபின் புரட்டாசி வரையிலான சில மாதங்களே. ஐப்பசியில் கைக்கு வரும் அனுமதி நடைமுறையில் மறுப்பேயாகும். ஆகவே கண்மாய்ச் சீரமைப்பின் வரலாற்றை அனுமதியின் வரலாறாகவும் வாசிக்க வேண்டியுள்ளது.

1803இல் நிலையான வரித்திட்டத்தின்கீழ் வந்த இராமநாதபுரம் ஜமீனில் இப்பகுதி அடங்கியிருந்தது. கண்மாய்ப் பராமரிப்பில் ஜமீனுக்குப் பொறுப்பும், குடிகளுக்கு வழக்கவழி வந்த மராமத்துக் கடமையும் இருந்தன. அத்தகைய குடிமராமத்து வழக்கத்துக்குச் சென்னை மாகாணத்தில் சட்டவலு அளித்தது 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம். உழைக்க வராமையையே அது தண்டித்தது என்பது நோக்கத்தக்கது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் கண்மாய்கள் அரசுடைமையாயின; 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் வழிவந்த 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்கீழ் மண் கனிமமாயிற்று. இப்போது அனுமதியின்றி அள்ளுவதே குற்றம். உழவரும் குயவரும் கட்டணமின்றி வண்டல் எடுக்க விதிகள் இடந்தந்தன. எனினும் ஒப்புதல் மாவட்ட ஆட்சியரிடமிருந்து வரவேண்டியிருந்தது.

2024இல் அவ்வதிகாரம் வட்டாட்சியருக்கு மாற்றப்பட்டது. திருச்சுழி உழவருக்கு இது விருதுநகர்ப் பயணத்தை மிச்சப்படுத்தும் மாற்றம். பருவம் தவறாமல் அனுமதி கிட்டும் வாய்ப்பும் கூடியது. ஆயினும் விரைவு எல்லாவிடத்தும் நன்றெனக் கொள்வதற்கில்லை. சாலை, குழாய் முதலிய நேர்கோட்டுத் திட்டங்களுக்கு மண் எடுப்பதைச் சுற்றுச்சூழல் முன்அனுமதியிலிருந்து விலக்கிய 2020ஆம் ஆண்டு மைய அரசு அறிவிக்கையின் கூற்றை, உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் நீக்கியது. எவ்வளவு மண், எந்தப் பரப்பில் என்ற வரையறையே அதில் இல்லை. உழவரின் வண்டலையும் ஒப்பந்தக்காரரின் லாரி மண்ணையும் பிரித்தறிவது அளவும் பயனுமே. அவ்வேறுபாட்டைக் களத்தில் காக்கவேண்டிய பொறுப்பும் இப்போது வட்டாட்சியரையே சேர்கிறது.

மேலும், தூர்வாருதல் சீரமைப்பின் ஒரு பகுதியே. வரத்துக்கால் அடைபட்ட கண்மாயை எத்துணை ஆழப்படுத்தினும் நீர் வந்து சேராது. ஆக்கிரமிப்பு அகற்றுவதற்கான 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமோ பொதுப்பணித் துறையின் பொறுப்பிலிருந்த நீர்நிலைகளுக்கென இயற்றப்பட்டது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஊராட்சி ஒன்றியக் கண்மாய்கள் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன.