நீதிபதிகளின் ஓய்வூதியமும் 'நிதிச்சுமை' என்னும் வாதமும்: இந்திய அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

ஓய்வூதியம் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் கணக்காய்வாளருக்கும் சட்டத்தரணிகளுக்கும் உரியனவாகவே இருந்துவந்துள்ளன. வரலாற்று மாணவர் அப்பக்கம் திரும்பியது அரிது. ஆயினும் ஓர் அரசு தன்னிடம் பணிபுரிந்தோருள் எவருடைய முதுமையைத் தன் கடனாக ஏற்கின்றது, எவருடைய முதுமையைச் சுமையாகக் கணக்கிடுகின்றது என்னும் வினா, அவ்வரசின் வர்க்க இயல்பை அறிவதற்கு உதவும் வினாக்களுள் ஒன்று என்பது எமது கருத்து. 2025 மே 19ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்வினாவை மீண்டும் எம்முன் வைக்கின்றது. (இந்தியாவில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் எனப்படுவன நம் நாட்டு வழக்கில் முறையே உயர் நீதிமன்றம், மேல் நீதிமன்றம் ஆகும். மயக்கம் நேராதிருக்க, இங்கு இந்திய வழக்கையே கைக்கொள்கின்றோம்.)

இதன் வேர்கள் குடியேற்ற ஆட்சிக் காலத்தவை. 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் கல்கத்தாவில் அமையவிருந்த நீதிமன்றத்தின் பிரதம நீதியரசருக்கு ஆண்டொன்றுக்கு 8,000 பவுணும் ஏனைய நீதியரசர் ஒவ்வொருவருக்கும் 6,000 பவுணும் வேதனமாக விதித்தது. அவர்கள் வேறு கட்டணமோ அன்பளிப்போ பெறலாகாது என்பதே அதன் நியாயம். கையூட்டிலிருந்து நீதியை விடுவிக்கும் இந்நோக்கு முதலாளித்துவ சனநாயகத்தின் மெய்யான பேறுகளுள் ஒன்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் அப்பணம் வந்தது வங்காள உழவனின் நிலவரியிலிருந்து. அதுவும் 1770ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் கழிந்து மூன்றாண்டுகளே சென்றிருந்த வேளையில். ஐரோப்பிய உத்தியோகத்தருக்கு இங்கிலாந்தில் வழங்கப்பட்ட ஓய்வூதியங்களைத் தாதாபாய் நௌரோஜி இந்தியச் செல்வ வடிகாலின் ஒரு கூறாகக் கணக்கிட்டமையும் இத்தொடர்பில் நோக்கத்தக்கது.

1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நீதிபதிகளின் சுதந்திரத்துக்கு நிதி அரண் ஒன்றை அமைத்தது. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் மாநிலத்தின் திரட்டு நிதியிலிருந்து வழங்கப்பட, ஓய்வூதியமோ மத்திய அரசின் திரட்டு நிதியின்மேல் சாட்டப்பட்டது. நாடாளுமன்றம் இச்செலவை விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விடமுடியாது.

இவ்வரலாற்றிலே திருப்பமாக அமைவது 1982 டிசம்பரில் வெளிவந்த நகாரா வழக்குத் தீர்ப்பாகும். ஓய்வூதியம் அரசின் கொடையன்று, செய்த பணிக்குரிய உரிமை என அது வரையறுத்தது. ஓய்வுபெற்ற நாளைக் கொண்டு ஓய்வூதியரைப் பிரித்து நோக்குவது சமத்துவத்துக்கு முரண் எனக் கண்டது. முகவுரையிற் சோசலிசம் என்னும் சொல் 1976இல் சேர்க்கப்பட்டதையும் அது தன் நியாயத்துக்குத் துணைகொண்டது. அத்தீர்ப்பின் அடித்தளம் உழைப்பு. எழுத்தருக்கும் அது பொருந்தும், நீதிபதிக்கும் பொருந்தும்.

1993இல் அடித்தளம் மாறுகின்றது. அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கிலே, நீதிபதிகளுக்குச் சலுகையளிப்பின் ஏனைய ஊழியரும் கேட்பர், நிதி தாங்காது என அரசுகள் வாதிட்டன. நீதிமன்றம் அளித்த விடை: நீதிபதிகள் ஊழியர் அல்லர், அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினரையும் போல இறைமை அதிகாரத்தைச் செலுத்துவோர். வாதம் வென்றது, ஆயின் உரிமையின் ஊற்று பணியிலிருந்து பதவிக்கு இடம்பெயர்ந்தது. 2023, 2024ஆம் ஆண்டுகளில் அதே சங்கத்தின் வழக்கில் வந்த தீர்ப்புகளும் இவ்வழியிலேயே சென்றன. நிலுவைகளைச் செலுத்தாத மாநிலங்களின் தலைமைச் செயலாளர்கள் 2024 ஆகஸ்டில் நீதிமன்றத்துக்கு நேரில் அழைக்கப்பட்டனர்.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட 2003ஆம் ஆண்டைத் தமிழகத் தொழிலாளர் மறந்திருக்க முடியாது. ஓய்வூதியம் முதலிய பயன்கள் வெட்டப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் அவ்வாண்டு யூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கப்பட்டனர். ஆகஸ்ட் 6ஆம் திகதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை சட்டத்தாலும் இல்லை, அறத்தாலும் இல்லை என்றது. மீளப் பணிக்குச் சேர்வதற்கு நிபந்தனையற்ற மன்னிப்பு வேண்டப்பட்டது. 1980 யூலை வேலைநிறுத்தத்தின் பின் நம் நாட்டில் வேலையிழந்தோரை அறிந்த வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

2025ஆம் ஆண்டின் தீர்ப்பு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் அனைவருக்கும் சமமான முழு ஓய்வூதியம் வழங்கப் பணித்தது: தலைமை நீதிபதிக்கு ஆண்டுக்கு 15 இலட்சம் ரூபா, ஏனையோருக்கு 13.5 இலட்சம். வழக்கறிஞர் குழாத்திலிருந்து வந்தவரா, மாவட்ட நீதித்துறையிலிருந்து உயர்ந்தவரா, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தபின் சேர்ந்தவரா என்ற வேறுபாடுகள் நீக்கப்பட்டன. தர்க்கம் நகாராவினுடையதே.

செலவு எவ்வளவு? பயன்பெறுவோர் 2,000 பேர் எனக் கொள்ளினும் ஆண்டுக்கு ஏறத்தாழ 270 கோடி ரூபாவே ஆகும். இந்திய அரசுக்கு இது பெருந்தொகையன்று. இதனைக் கண்டு நீதிபதிகளை எள்ளி நகைப்பது முற்போக்காளர் சிலருக்கு எளிதாக வரும். நாம் அதற்கு உடன்படோம். மாவட்ட நீதிபதிகள் சிலர் நெடுங்காலப் பணியின் பின் 19,000, 20,000 ரூபா ஓய்வூதியத்துடன் வாழ்வதாக 2024இல் பிரதம நீதியரசரே சுட்டினார். முதுமையில் வறுமையை அஞ்சும் நீதிபதி, ஓய்வின் பின் அரசு தரக்கூடிய பதவியையும் நிறுவனங்களின் நடுவர் தொழிலையும் எதிர்நோக்குபவராவார். அது உழைக்கும் மக்களுக்கும் கேடே.

எமது முரண்பாடு வேறிடத்திலுள்ளது. 2025 சனவரியில் இதே சங்க வழக்கைக் கேட்ட அமர்வு, வேலை செய்யாதோருக்கு இலவசங்கள் வழங்க மாநிலங்களிடம் பணமுண்டு, நீதிபதிகளுக்கு வழங்குகையில் மட்டும் நெருக்கடி பேசப்படுகின்றது என வாய்மொழியாகக் கூறியது. வறியோருக்கான மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியம், 80 வயதுக்குட்பட்டோர்க்கு, 2006 முதல் மாதம் 200 ரூபா. நீதிபதியின் 13.5 இலட்சம் மாதமொன்றுக்கு 1,12,500 ரூபாவாகும். நிதிச்சுமை என்னும் வாதம் பொய்யென்று நீதிபதிகள் தம் வழக்கிலே நிறுவிவிட்டனர். அதே வாதத்தை அவ்விருநூறு ரூபாவுக்கு எதிரே நிறுத்தத் தயங்கவில்லை.

2005இல் ஒரே மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவர் நீதிபதியாகவும் மற்றொருவர் எழுத்தராகவும் பணியேற்றதாகக் கொள்வோம். இருவர் சம்பளத்திலும் பங்களிப்புத் தொகை கழிக்கப்படுகின்றது. நீதிபதி உயர் நீதிமன்றத்துக்கு உயர்ந்து ஓய்வுபெறும்போது, 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, அவர் செலுத்திய தொகை ஈட்டத்துடன் திரும்ப, முழு ஓய்வூதியமும் கிட்டுகின்றது. அவருடைய தீர்ப்புகளைத் தட்டெழுதிய எழுத்தரைப் பற்றி அத்தீர்ப்பில் எதுவுமில்லை.