ஆரிட்டைக் கேட்டு எழுதினவை?



கொஞ்சம் நீண்ட பதிவு. குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நிற்கிற நேரத்தில் வாசித்து முடிக்கலாம்.

போன தவணை வரலாற்றுப் பாடத்தில் ஒல்லாந்தர் காலம் போய்க்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தவரின் வழக்கங்களைத் தொகுத்து 1707இல் தேசவழமை என்று எழுதி வைத்தார்கள் என்று சொன்னோம். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "ரீச்சர், ஆரிட்டைக் கேட்டு எழுதினவை?"

வழமையாக "நல்ல கேள்வி, அடுத்த பாடத்தில பாப்பம்" என்று தப்பிவிடுவோம். அன்றைக்கு மணி அடித்தும் அந்தக் கேள்வி எங்களோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

பதில் இருக்கிறது. ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் கட்டளையிட, யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அதைத் தொகுத்து 1707 ஜனவரியில் கையளித்தார். தமிழில் பெயர்த்து, 12 முதலியார்களிடம் கொடுத்து, சரிதான் என்று ஒப்புதல் வாங்கினார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள், பதவியில் இருந்தவர்கள். சீதனத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற ஒரு சட்டத்துக்கு, சீதனம் கொண்டுபோன ஒரு பெண்ணிடம் கேட்டதாகப் பதிவு இல்லை.

"அது தமிழரின் சட்டம், உங்களுக்கு என்ன?" என்று யாரும் கேட்க முதல் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். 1806 ஆகஸ்டில் ஆங்கிலேயர் முஸ்லிம்களுக்கென்று ஒரு சட்டக்கோவையை வெளியிட்டார்கள். கொழும்புப் பகுதி முஸ்லிம் தலைவர்கள் "எங்கள் வழக்கம் இதுதான்" என்று ஒப்புக்கொண்ட கோவை அது. தலைவர்கள் என்றால் ஆண்கள்தான், வேறு யார்? அதே வருடம் டிசம்பரில் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் தேசவழமைக்கு முழு வலுவும் கொடுத்தார்கள். இடையில் நான்கே மாதம். கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற நயினாதீவில், பக்கத்துப் பக்கத்து வேலியில் இருக்கிற இரண்டு பெண்களின் காணி உரிமை இரண்டு புத்தகங்களாகப் பிரிந்து உறைந்தது அந்த வருடத்தில்தான்.

உறைந்தது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுதப்பட முதல் வழக்கம் அசைந்துகொண்டிருந்தது. தேசவழமையே அதை ஒளிக்கவில்லை. பழைய நாளில் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு, தேடியதேட்டம் வேறு என்று மூன்றாகப் பிரிந்திருந்ததாம். போர்த்துக்கேயர் காலத்தில், பிலிப் மஸ்கரேஞ்ஞஸ் அதிகாரத்தில் இருந்தபோது, அது கொஞ்சம் கொஞ்சமாக மாறியதாம். மாறிய வழக்கத்தை மாறாத வழக்கம் என்று எழுதி வைத்ததே தொகுத்தவர்கள் செய்த வேலை.

இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் பால்நிலைக் கற்கை என்று படிப்பிக்கிறார்களே, அதில் நடக்கிற பெரிய விவாதங்களில் ஒன்று இதுதான். அந்தப் பெயரைக் கேட்டவுடன் எங்களில் பலருக்கு முகம் சுருங்கும். வெளிநாட்டுக் காசு, குடும்பத்தைக் குலைக்கிற படிப்பு என்பார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவர்கள்தான். ஆனால் லதா மணி என்ற ஆய்வாளர் வங்காளத்து உடன்கட்டை விவாதத்தைப் பற்றி 1998இல் வெளியிட்ட நூலைப் பற்றிப் படித்தபோது எங்கள் வகுப்புப் பிள்ளையின் கேள்விதான் ஞாபகம் வந்தது. ஆங்கில அதிகாரி சாஸ்திரிமாரிடம் கேட்கிறார், சாஸ்திரிமார் நூலைப் பார்த்துச் சொல்கிறார்கள், நெருப்பில் இறங்குகிற பெண்ணிடம் மட்டும் பேச்சு இல்லை. அந்தச் சண்டை உண்மையில் பெண்ணைப் பற்றியதல்ல, எது மரபு என்பதைப் பற்றியது என்று அவர் காட்டுகிறார். 12 முதலியார்களும் 1806இன் முஸ்லிம் தலைவர்களும் இருந்த இடம் அந்தச் சாஸ்திரிமார் இருந்த இடம்தான்.

இப்போது சட்டத்தைக் காணிக்கு இறக்கிப் பார்ப்போம்.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மரண சாசனம் எழுதாமல் பெற்றோர் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. நல்ல விஷயம். ஆனால் அதே சட்டம், மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. அவள் தாய் கொடுத்த சீதனக் காணியாக இருந்தாலும் அதே விதிதான். கணவனுக்கு அப்படி மனைவியின் சம்மதம் தேவையில்லை. 1923இல் மணமான பெண்கள் சொத்துக் கட்டளைச் சட்டம் வந்து, பொதுச் சட்டத்தின் கீழ் உள்ள பெண்களுக்கு இந்தக் கட்டு அவிழ்ந்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணுக்கு அவிழவில்லை.

முஸ்லிம் பெண்ணுக்கு இது தலைகீழ். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைச் சட்டம் ஷரீஅத்தைப் பின்பற்றுவதால் சகோதரனின் பங்கில் பாதி. ஆனால் அவளுடைய சொத்து அவளுடையது. விற்க, கொடுக்கக் கணவனின் கையெழுத்துத் தேவையில்லை.

எங்கள் ஆட்கள் "பாருங்கோ, அவையின்ர பொம்பிளையள் புருசனைக் கேக்காமல் ஒரு பரப்பும் விக்கேலாது" என்று சொல்லிப் பெருமைப்படுவோம். அந்தப் பக்கம் "அவையள் பொம்பிளைப் பிள்ளைக்குப் பாதிதான் குடுக்கிறவை" என்று இரக்கப்படுவார்கள். இரண்டும் உண்மை. சொல்லப்படுகிற தோரணைதான் சரியில்லை. மற்றவரின் பெண்ணுக்காக இரங்குவது சுலபம், தன் வீட்டு உறுதியை எடுத்துப் பார்ப்பதுதான் கஷ்டம். லைலா அபூ லுகோத் என்ற அறிஞர் ஆப்கானிஸ்தான் யுத்தத்துக்குப் பிறகு, முஸ்லிம் பெண்களைக் காப்பாற்றக் கிளம்பியவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வியும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். தேசவழமையின் முன்னுரிமைக் கொள்வனவு விதி வட மாகாணக் காணிக்கே உரியது, ஆளுக்கு உரியதல்ல. பங்குக் காணியை வெளியாளுக்கு விற்க முதல் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும் என்பது எங்கள் காணிகளையும் கட்டும். ஆகவே "அது அவையின்ர சட்டம்" என்று நாங்கள் முழுதாக ஒதுங்கவும் முடியாது.

இந்தக் கணவன் சம்மத விதி தீவகத்துக்கு எப்படிப் பொருந்தியது என்று யோசித்துப் பாருங்கள். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு ஆண்கள் கொழும்பிலும் தெற்கில் எத்தனையோ ஊர்களிலும் கடை வைத்திருந்தவர்கள். வருடத்தில் பல மாதம் வீட்டில் இல்லை. பனையை, வயலை, மாட்டை, வேலிச் சண்டையை, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பார்த்தது பெண்கள். வீடே அவளுடைய சீதன வீடு. ஆனாலும் நொத்தாரிசுக்கு முன்னால் போனால் கடைக்காரர் கையெழுத்து வேண்டும். பீனா அகர்வால் 1994இல் வெளியிட்ட பெரிய நூலில் சொத்து பெயரில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு என்று தெற்காசியா முழுவதையும் வைத்து எழுதினார். எங்கள் அம்மம்மாமாருக்கும் உம்மும்மாமாருக்கும் அது புத்தகம் இல்லாமலே தெரிந்த விஷயம்.

பிறகு யுத்தம் வந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். நகைகளோடு உறுதிகளும் போயின. புத்தளம் முகாமில் பிறந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது ஒரு காணிக்கு நாலு குடும்பம். தமிழ்க் குடும்பங்களில் காணாமலாக்கப்பட்ட கணவன்மார். இறந்தார் என்று பதியவும் மனம் வராது, உயிரோடு இருக்கிறார் என்று கையெழுத்து வாங்கவும் முடியாது. அவருடைய சம்மதத்துக்கு எங்கே போவது? 1911 சட்டத்தின் 8ஆம் பிரிவு, கணவன் கைவிட்டுப் போனாலோ காரணமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்திடம் சம்மதம் பெறலாம் என்கிறது. காணாமற்போனோருக்கான இன்மைச் சான்றிதழ் 2016இல்தான் சட்டமாக வந்தது. இந்த இரண்டு வழியும் தெரியாமல் வருடக்கணக்காகக் காத்திருந்த தாய்மாரை எங்களுக்குத் தெரியும். பெற்றார் கூட்டத்துக்கு வருகிறவர்கள்தான். பிள்ளையின் சீதனத்துக்கென்று வைத்த காணியை எழுதிக் கொடுக்க முடியாமல், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தவணை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கணக்கும் இலேசானதல்ல. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காழியாக நியமிக்கப்படுபவர் ஆணாக இருக்க வேண்டும். நிக்காஹ் பதிவில் மணமகள் கையெழுத்து வைக்க இடமில்லை, வலிதான் வைப்பார். நாட்டில் மற்றவர்களுக்கு 1995இல் திருமண வயது 18 ஆனது, எங்களுக்கு ஆகவில்லை. கைக்கூலியைத் திருப்பிக் கேட்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது, அது நல்ல பகுதி. திருத்தம் பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில். ஒன்பது வருடம் இருந்துவிட்டு, பெண் காழி உட்படப் பல விஷயத்தில் குழு இரண்டாகப் பிரிந்தது. மலேசியாவில் 2010இலேயே ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகளை நியமித்துவிட்டார்கள். அவர்களும் ஷாபிஈ மத்ஹப்தான் என்பதை எங்கள் உலமாக்களிடம் மரியாதையோடு ஞாபகப்படுத்துகிறோம்.

1978 அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை பற்றிப் பாடசாலையில் யாரும் படிப்பிப்பதில்லை. ஏற்கனவே இருந்த சட்டங்கள், அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும், செல்லுபடியாகும் என்கிறது அது. ஆகவே ஆண் பெண் பேதம் கூடாது என்ற 12ஆம் உறுப்புரையைக் காட்டித் தேசவழமைப் பெண்ணும் காணிக்காக வழக்காட முடியாது, முஸ்லிம் பெண்ணும் நிக்காஹ்வுக்காக வழக்காட முடியாது. வேலிக்கு இரு பக்கமும் ஒரே பூட்டு.

இதையெல்லாம் வெளியே பேசக்கூடாது, எதிரிக்குத் துரும்பு கொடுத்ததாகும் என்று சொல்கிறவர்களின் பயம் பொய்ப் பயம் இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு முஸ்லிம் பெண்களின் மேல் திடீர் அக்கறை கொண்டவர்களை நாங்கள் கண்டோம். 2021 ஒக்டோபரில் "ஒரே நாடு ஒரே சட்டம்" என்று ஜனாதிபதி செயலணி ஒன்றை ஞானசார தேரரின் தலைமையில் அமைத்தார்கள். முதலில் வெளியான 13 பேரின் பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு பெண்ணும் இல்லை. ஐசாக்ஸின் காலத்துக்கும் இதற்கும் 314 வருடம். இப்படிப்பட்டவர்கள் சட்டத்தில் கை வைக்க முதல் நாங்களே எங்கள் பெண்களைக் கேட்டு மாற்றியிருக்கலாம் என்பது எங்கள் கட்சி. வேறு அபிப்பிராயம் உள்ளவர்கள் எழுதுங்கள், பண்பாக.

அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, முழு வகுப்புக்கும் ஒரு வீட்டுவேலை கொடுத்தோம். வீட்டில் உள்ள மூத்த பெண்ணிடம் மூன்று கேள்வி: உங்கட காணி ஆர் தந்தது, ஆருக்குக் குடுத்தனியள், கையெழுத்து வைக்கேக்க ஆர் பக்கத்தில இருந்தவை? சில பிள்ளைகள் ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள். சில அம்மம்மாமார் பேசவே மறுத்தார்களாம். ஒரு முஸ்லிம் மாணவி தன் உம்மும்மா வெளியேற்றத்தின்போது உறுதியைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு போன கதையை நாலு பக்கம் எழுதி வந்தாள். நெடுந்தீவை அடியாகக் கொண்ட இன்னொரு பிள்ளையின் அம்மம்மா, தன் சீதனக் காணியில் கால் பங்கை மகளுக்கு எழுத, கடையில் இருந்த கணவர் வரும்வரை ஆறு மாதம் பொறுத்ததாகச் சொல்லியிருக்கிறார். "அவர் வந்தவர். எங்க வைக்கிறது எண்டு கேட்டு வைச்சுப்போட்டு, பின்னேரப் படகில திரும்பிப் போட்டார். காணி எந்தப் பக்கம் எண்டும் அவருக்குத் தெரியாது" என்றாராம்.

கொப்பிகளை வைத்திருக்கிறோம். அடுத்த தவணை வேறு வகுப்புக்கும் இதே வேலைதான். உங்கள் வீட்டுப் பிள்ளை வந்து கேட்டால் விரட்டாமல் சொல்லுங்கள். உறுதியின் படம் அனுப்ப வேண்டாம், கதை போதும்.