கண்ணாடித் தொட்டியும் சுன்னாகத்துக் கிணறும்

மீனுக்கு நீர் வெறும் இருப்பிடம் அன்று. அது சுவாசிக்கும் காற்றும் நீரிலேதான் கரைந்திருக்கின்றது. அதன் கழிவு சென்று சேரும் இடமும் அந்நீரே. ஆற்றிலும் குளத்திலும் இவையெல்லாவற்றையும் இயற்கை ஒழுங்குபடுத்திக்கொள்கின்றது. நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் மீனை அடைத்த கணமே அந்த ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு மனிதனுடையதாகிவிடுகின்றது. அதை மனிதன் எவ்வாறு கற்றான், சுன்னாகத்துக் கிணற்றுநீரைக் கொண்டு தொட்டி வளர்ப்போருக்கு அக்கல்வி எவ்வாறு பயன்படும் என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

மீனைக் கலத்திலிட்டு வளர்க்கும் வழக்கம் மிகப் பழையது. சீன தேசத்தார் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பொன்மீனைச் சாடிகளில் வளர்த்தனர். ஆயினும் சாடியின் நீரை அடிக்கடி முற்றாக மாற்றவேண்டியிருந்தது. மாற்றாத நீரில் மீன் ஏன் மடிகின்றது என்பதற்கு விடை தேடும் வழி 18ஆம் நூற்றாண்டிலேதான் திறந்தது. மெழுகுதிரி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடியொன்று மீண்டும் நல்லதாக்குவதை 1771இல் இங்கிலாந்தில் யோசேப்பு பிரீஸ்ற்லி கண்டார். 1779இல் யான் இங்கன்ஹவுஸ் என்பார், செடியின் பச்சைப் பகுதிகளே, அதுவும் ஒளி படும்போது மாத்திரமே, இப்பணியைச் செய்கின்றன என்று நிறுவினார்.

இந்த அறிவைக் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவந்தவர் இலண்டன் மாநகரின் இரசாயன அறிஞர் றொபேட் வாறிங்டன். ஏறக்குறைய 12 கலன் கொள்ளும் கண்ணாடிக் கலம் ஒன்றிலே மணலும் கல்லும் பரப்பி, வலிசுனேரியா என்னும் நாடா போன்ற இலையுடைய நீர்ச்செடியை நட்டு, பொன்மீன் இரண்டை விட்டார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைச் செடி உட்கொண்டு ஒட்சிசனைத் தந்தது. ஆனால் சில காலத்தில் முதிர்ந்த இலைகள் அழுகின; கண்ணாடியில் பாசி படர்ந்தது; நீர் கலங்கியது. வாறிங்டன் நீரை மாற்றவில்லை. அழுகலையும் பாசியையும் தின்னும் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து சேர்த்தார். நீர் தெளிந்தது. 1850இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சமநிலையை உலகுக்கு உணர்த்தியது.

அதன்பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி 1845இலேயே நீக்கப்பட்டிருந்தமையால் கண்ணாடி மலிந்திருந்தது. 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவிலே பொதுமக்கள் காணும் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல், வீடுதோறும் தொட்டி வைக்கும் ஆசையை மூட்டியது. ஆனால் அந்த ஆசை நீடிக்கவில்லை. செடி இருக்கின்றதே என்ற துணிவில் மீனை அளவின்றி நிறைத்தனர், மீன்கள் மாண்டன, பல வீடுகளில் தொட்டி வெறுமையாயிற்று.

குறை எங்கே இருந்தது? வாறிங்டன் கண்ட மூவரையன்றி, கண்ணுக்குப் புலனாகாத நான்காமவர் ஒருவரும் தொட்டியிலே குடியிருந்தார். மீனின் கழிவிலிருந்தும் அழுகும் பொருளிலிருந்தும் அமோனியா என்னும் நஞ்சு தோன்றுகின்றது. அதை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்று ஆக்குகின்றது; நைத்திரைற்றும் நஞ்சே. பிறிதொரு வகை அதனைக் கேடு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றது. செர்ஜி வினோகிராட்ஸ்கி என்ற உருசிய அறிஞர் 1890ஆம் ஆண்டளவில் இந்நுண்ணுயிர்களைப் பிரித்தறிந்தார். இவை நீரில் மிதப்பதைவிட மணலிலும் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டியே பெரும்பாலும் வாழ்கின்றன. தொட்டியை மாற்றியமைப்போர் மறக்கலாகாத உண்மை இதுவே.

தொட்டியின் அழகு சலித்து, கல்லையும் செடியையும் எடுத்து, மணலை வெயிலில் உலர்த்திப் புதிதாக அடுக்குகின்ற ஒருவரை நினைத்துப் பாருங்கள். நீர் பளிங்குபோல் இருக்கும். ஆயினும் உலர்ந்த மணலோடு நான்காமவரும் அழிந்துபோயிருப்பார். மீனின் கழிவை மாற்றுவார் எவருமில்லை. அமோனியா பெருகும், மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய்பிளக்கும். அப்பற்றீரியாக்கள் மீண்டும் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும்.

இனிச் சுன்னாகத்து நீரை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு எதுவுமில்லை. கந்தரோடைப் பக்கமாகச் செல்லும் வழுக்கையாறும் மாரியிலே மட்டும் ஓடுவது. வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழைநீர், செம்மண்ணின் ஊடாக இறங்கி, மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. கீழே இருப்பது கடலின் உவர்நீர்; அதன்மேல் நன்னீர் ஒரு வில்லையைப் போல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது அறிஞர் கண்ட விதி. மேலே ஓரடி குறையுமாயின் கீழிருந்து உவர் பல அடி ஏறும்.

சுண்ணாம்புக் கல்லினூடே தங்கிய நீராதலின் சுன்னாகத்துக் கிணற்றுநீர் வன்னீர். கல்சியமும் இருகாபனேற்றும் அதிலே மிகுந்துள்ளன. கேத்தலின் உட்புறத்தில் வெண்படிவு ஏற்படுவதை எந்த இல்லத்தரசியும் அறிவார். இத்தகைய காரத்தன்மையுள்ள நீரில், அமோனியா நஞ்சு மிகுந்த வடிவிலே கூடுதலாக நிற்கும். மென்னீரில் மீன் பொறுத்துக்கொள்ளும் பிழையை வன்னீரில் அது பொறுக்காது. ஆகவே நம்மவர் தொட்டியை மாற்றியமைக்கும்போது இரட்டிப்பு விழிப்பு வேண்டும்.

வேண்டுவன யாவை? முதலாவது, பழைய மணலிலும் வடிகட்டியிலும் ஒரு பங்கையேனும் ஈரம் உலராது காத்து, புதிய அமைப்பிலே சேர்க்கவேண்டும். அவற்றைக் கழுவ நேர்ந்தால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல் நன்று. குளோரீன் இட்ட நீர் அந்நுண்ணுயிர்களைக் கொல்லும். இரண்டாவது, முதல் வாரங்களில் மீன்கள் சிலவே இருக்கவேண்டும். உணவும் சிறிதே இடவேண்டும். மூன்றாவது, நீரை ஒரேயடியாக மாற்றாது, கால்பங்கு அளவாகச் சில நாளுக்கொருமுறை மாற்றவேண்டும். நான்காவது, ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாகக் கிணற்றுநீரையே ஊற்றிவந்தால் உப்புகள் தொட்டியிலே தங்கித் தங்கி மிகும். அவ்விடத்து மாரியிலே பிடித்துவைத்த தூய மழைநீரை வார்ப்பதே முறை.

செடிகளின் தேர்விலும் இந்நீரின் இயல்பையே வழிகாட்டியாகக் கொள்ளவேண்டும். வலிசுனேரியா, ஐதரில்லா, வேரற்று மிதக்கும் செரற்றோபில்லம் ஆகியவை வன்னீரிலுள்ள இருகாபனேற்றிலிருந்தே தமக்கு வேண்டிய காபனைப் பெறவல்லவை. விரைந்து வளர்வன ஆதலின் அமோனியாவையும் நைத்திரேற்றையும் உணவாக இழுத்துக்கொள்ளும். மாற்றியமைத்த தொட்டியிலே முதலில் நிறைய நடவேண்டியவை இவையே. கபொம்பா போன்ற மென்னீர்ச் செடிகள் இங்கே நலிந்துபோகும்.

நமது தீவுக்கே உரிய செல்வமொன்றும் உண்டு. ஈரவலயத்து ஓடைகளில் வளரும் கிரிப்டோக்கோரைன் இனங்கள் உலகெங்கும் மீன்தொட்டிகளை அணிசெய்கின்றன. அவற்றுள் மிகப் புகழ்பெற்ற வென்ற்றியை என்னும் இனத்தை ஒல்லாந்துத் தாவரவியலறிஞர் டி விற் 1958இல் பெயரிட்டு விவரித்தார். இவ்வினம் வன்னீரையும் ஏற்கும். ஆனால் இடம் பெயர்த்து நட்டவுடன் இதன் இலைகள் கரைந்து விழுவதுண்டு. செடி செத்ததென்று பிடுங்கி எறியலாகாது. வேரும் அடித்தண்டும் நலமாயிருந்தால் சில வாரத்தில் புதிய இலை தளிர்க்கும். அழுகிய இலையை மட்டும் உடனே அகற்றவேண்டும். ஓடைகளில் இவ்வினங்கள் சில அருகிவருகின்றமையால், பண்ணையில் வளர்த்த செடியையே வாங்குதல் கடமை.

தேர்வைப் பற்றிக் கூறும்போது தவிர்ப்பைப் பற்றியும் கூறவேண்டும். ஊதாப் பூப் பூக்கும் ஆகாயத்தாமரை 1905இல் அழகுச் செடியாக இலங்கைக்கு வந்தது. அது நீர்நிலைகளை மூடத் தொடங்கியமையால் 1909இல் அதனைத் தடுக்கவே தனிச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. 1939இல் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா, வெளியே பரவி வயல்களையும் குளங்களையும் கவ்விக்கொண்டது. தொட்டியைச் சீரமைக்கையில் கழித்த செடியை வாய்க்காலிலோ குளத்திலோ எறிவதனால் விளையக்கூடிய கேட்டுக்கு இவ்விரண்டும் சான்று. அவற்றை வெயிலில் நன்கு உலர்த்தி மண்ணிலே புதைத்தல் வேண்டும்.

நேயர்களே, இதுவரை சிறு தொட்டியைப் பற்றிப் பேசினோம். ஆனால் சுன்னாகத்து மக்கள் தாமும் ஒரு பெருந்தொட்டியை நம்பி வாழ்பவர்களே. அந்தத் தொட்டிக்குள் மழை ஒன்றே புதுநீர். அதிலே நாம் இடுவது எதுவும் எளிதில் வெளியேறாது. துலா மிதித்து இறைத்த காலத்திலே, இறைக்கும் அளவை மனிதனின் தோள்வலியே வரையறுத்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் நீரிறைக்கும் இயந்திரமும் இரசாயன உரமும் பரவியபோது அவ்வரையறை நீங்கியது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களில் வெளிவந்த ஆய்வுகளே காட்டின. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட உரமும், மலக்குழிகளின் கசிவும் அதற்குக் காரணம் எனப்பட்டன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கைக்குழந்தைகளுக்கே அதனால் பெருந்தீங்கு. கிணற்றுநீரை மாற்றி ஊற்றியும் தொட்டியில் பாசி குறையவில்லையே என்று வியப்பவர்க்கு விடை இங்கேதான் இருக்கலாம். வெளியேற்ற விரும்பிய நைத்திரேற்றையே புதுநீரோடு மீண்டும் ஊற்றுகின்றார்.

இதனினும் கொடியது பின்னர் நேர்ந்தது. 2014ஆம் ஆண்டளவிலே சுன்னாகத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர். முற்றத்துக் கிணற்றைக் கண்டும் அள்ளிக் குடிக்க அஞ்சி, பாரவூர்தி கொண்டுவரும் நீருக்குக் குடத்தோடு காத்து நிற்கும் நிலை பலருக்கு வந்தது. வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. மின்நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனமொன்றை நிலத்தடி நீரின் மாசுக்குப் பொறுப்பாக்கி, 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு 2019 ஏப்ரலில் நீதிமன்றம் பணித்தது. பணத்தால் இழப்பை ஓரளவு ஈடுசெய்யலாம். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பிலே புகுந்த எண்ணெயை அது வெளியேற்றாது.

கண்ணாடித் தொட்டி கெட்டால் மீனை வேறு கலத்துக்கு மாற்றி, மணலைத் திருத்தி, செடியை நட்டு, ஆறு வாரம் பொறுத்திருந்து சமநிலையை மீட்கலாம். நிலத்தடித் தொட்டி கெட்டால் மக்களை மாற்றி வைப்பதற்கு வேறு கலமில்லை. அதற்கும் வழிமுறைகள் வேறல்ல: வருவதைப் பெருக்குதல், எடுப்பதை அளவுபடுத்தல், இடுவதைக் கட்டுப்படுத்தல். குளங்களைத் தூர்வாரி மாரிநீரை மண்ணுக்குள் இறங்கவிடுதல் முதலாவது. பயிருக்கு வேண்டிய நீரை மட்டும் இறைத்தல் இரண்டாவது. உரத்தையும் கழிவையும் எண்ணெயையும் கிணற்றுக்கு எட்டாது தடுத்தல் மூன்றாவது.

வீட்டிலே மீன்தொட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் இப்பாடத்தைப் பெரியோரிலும் எளிதாகக் கற்பார்கள். ஒரு கரண்டி உணவு கூடினால் நீர் எத்தனை நாள் கலங்கி நிற்கின்றது என்பதை அவர்கள் தம் கண்ணாலே காண்கிறார்கள். நிலத்தின் கீழுள்ள நீரை எவரும் கண்ணாடி வழியே காண இயலாது. அதைக் காண்பது போன்றே காத்தல் நம் கடன்.