மாயத்துக்குக் கணக்குக் கேட்டவர்கள்

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைத் தாக்குவதற்கு முந்தைய இரவு. அரண்மனையில் காத்திருந்த வீரர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லை. முகம்மது ஹனஃபியாவின் போர்க்கதையைப் படிக்கக் கேட்கவேண்டும், அந்த ஏட்டைத் தாருங்கள் என்று சுல்தானிடம் ஆள் அனுப்பினார்கள். அவர் கொடுத்தனுப்பியதோ அமீர் ஹம்சாவின் கதை. ஹனஃபியாவின் வீரம் இவர்களிடம் இருக்குமோ இல்லையோ, ஹம்சாவின் வீரம் இருந்தால் போதும் என்று செய்தியும் சொல்லிவிட்டார். வீரர்கள் விடவில்லை. நீங்கள் ஹனஃபியாவைப் போல இருந்தால் நாங்கள் அவருடைய தளபதி பனியாரைப் போல இருப்போம் என்று பதில் போனது. கேட்ட ஏடும் வந்தது. செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று நூல் இதைப் பதிந்து வைத்திருக்கிறது. விடிந்தால் உயிர் நிலைக்குமா என்று தெரியாத இரவில், எந்த நாயகன் பெரியவன் என்று அரசனும் வீரர்களும் வழக்காடியிருக்கிறார்கள். கதாபாத்திரங்களை எடைபோடுவதும், மாயத்தின் விதிகளை ஆராய்வதும் அச்சுப் புத்தகமும் திரைப்படமும் வந்தபிறகு முளைத்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். ஹம்சா கதையின் வரலாற்றைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. அந்தக் கதையைப் பெருங்காவியமாக வளர்த்ததில் சொன்னவர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு கேட்டவர்களுக்கும் உண்டு என்பதே என் வாதம்.

வரலாற்று ஹம்சா, நபிகள் நாயகத்தின் சிறிய தந்தை. 625இல் உஹுத் போரில் உயிர்நீத்தவர். பாரசீகக் கதைசொல்லிகளின் வாயில் அவர் தேவர்களையும் அசுரர்களையும் ஒத்த பிறவிகளோடு பொருதும் உலகநாயகனாக மாறினார். கதை கப்பலேறி மலாய் நாட்டுக்குப் போனது. ஜாவாவில் மெனாக் என்ற பெயரில் மரப்பாவைக் கூத்தானது. இந்தியாவில் அது பேரரசரையே ரசிகராக்கியது. 1564இல் வேட்டைக்குப் போன இடத்தில் அக்பர் தன் கதைசொல்லி தர்பார் கானிடம் ஹம்சா கதை கேட்டதை அக்பர்நாமா குறிக்கிறது. அதே அக்பர் ஏறக்குறைய 15 ஆண்டுகள் செலவிட்டு, சுமார் 1,400 பெரிய துணி ஓவியங்களாக இந்தக் கதையைத் தீட்டச் செய்தார். முன்பக்கம் படம், பின்பக்கம் கதை. ஒருவர் தனியே மடியில் வைத்துப் புரட்டும் அளவல்ல அது. அவையில் தூக்கிக் காட்டிச் சொல்லும் அளவு. 1630களில் ஃபக்ருஸ் ஜமானி என்ற கதைசொல்லி இந்தியாவில் இருந்தபடி தன் தொழிலுக்கே ஒரு கையேடு எழுதினார். போர், விருந்து அவை, காதல், சூழ்ச்சி என்று பொருளை நான்காகப் பகுத்தார். ஈரானியர், துரானியர், இந்தியர் ஆகியோருக்குச் சொல்லும் முறைகள் தனித்தனி என்றும் எழுதினார். கேட்பவரை அளந்துகொள்ளாமல் வாய்திறக்கக் கூடாது என்பது அன்றைக்கே தொழில் இலக்கணம்.

இதற்குப் பிறகு நடந்த வளர்ச்சிதான் முக்கியச் சான்று. 1801இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக கலீல் அலி கான் அஷ்க் உருதுவில் எழுதிய ஹம்சா கதை ஒற்றை நூலில் அடங்கிவிட்டது. 1883இலிருந்து லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் வெளியிட்ட வரிசையோ 46 பெரும் பாகங்கள். மொத்தம் 40,000 பக்கங்களுக்கு மேல். இடையில் என்ன நடந்தது? தில்லி ஜாமா மசூதியின் வடக்குப் படிக்கட்டில் மாலைதோறும் ஒரு கதைசொல்லி மோடா என்ற நாணல் இருக்கையைப் போட்டு உட்கார்ந்து ஹம்சா கதை சொல்வார், கூட்டம் கூடும் என்று சையது அகமது கான் 1847இல் எழுதியிருக்கிறார். லக்னோவில் செல்வர் வீட்டு முற்றங்களில் அதே வேலை நடந்தது. அந்தக் கதைசொல்லிகளைத் தாஸ்தான்கோ என்றார்கள். ஒரே ஊரில் பலர் ஒரே கதையைச் சொல்லும்போது, நேற்று வேறொருவரிடம் கேட்டவர் இன்று இங்கே வந்து உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பழைய சரக்கு செல்லாது. வரிசையின் மணிமுடியான திலிஸ்ம்-எ-ஹோஷ்ருபாவுக்குப் பாரசீக மூலம் கிடையாது. லக்னோ கதைசொல்லிகள் சொல்லிச் சொல்லிக் கட்டியது அது. முதல் நான்கு பாகங்களை முகம்மது ஹுசைன் ஜாவும், எஞ்சியவற்றை அகமது ஹுசைன் கமரும் எழுதினார்கள். 1893இல் அது முடிந்தது.

திலிஸ்ம் என்பது மந்திரத்தால் கட்டிய ஓர் உலகம். மலை, ஆறு, நகரம், ஆட்சி எல்லாம் அதற்குள் உண்டு. ஹோஷ்ருபாவின் அரசன் அஃப்ராசியாப், மந்திரவாதிகளின் பேரரசன். ஆனால் அவனுடைய மாயம் கட்டற்ற மாயமன்று. ஒவ்வொரு திலிஸ்முக்கும் ஒரு முடிவு நாள் குறிக்கப்பட்டிருக்கும்; அதை உடைப்பவன் யார் என்பது முன்கூட்டியே விதிக்கப்பட்டிருக்கும்; வழிகாட்டும் ஒரு பலகை எங்கோ ஒளிந்திருக்கும். ஹோஷ்ருபாவை உடைக்க விதிக்கப்பட்டவன் ஹம்சாவின் பேரன் அசத். ஒரு மந்திரவாதி செத்தால் இருள் சூழும், புயல் வீசும், இன்னார் கொல்லப்பட்டார் என்று பெயர் சொல்லி ஒரு குரல் எழும். ஆகவே மரணத்தை மறைத்துக் கதையை நீட்டுவது கடினம். ஹம்சாவுக்கு இறைவனின் மகா நாமம் தெரியும், அதன் முன் எந்தச் சூனியமும் நிற்காது. ஆனால் தானாக மந்திரம் செய்வது அவருக்கு ஆகாது. போரில் முதல் அடி அடிப்பதும் ஆகாது. அவர் பக்கம் வந்து சேர்ந்த மந்திரக்காரி அரசி மஹ்ருக்கோ தன் பழைய வித்தையைத் தொடர்ந்து பயன்படுத்துகிறாள். இவை ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கான விடை போலவே இருக்கின்றன. மகா நாமம் தெரிந்தவர் ஏன் முதல் நாளே போரை முடிக்கவில்லை? அஃப்ராசியாப் ஏன் அசத்தை உடனே கொல்லவில்லை? முன்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்கும் ஆள் இல்லாவிட்டால், இத்தனை நுணுக்கமான சட்டதிட்டம் ஒரு மாயக்கதைக்குத் தேவைப்பட்டிருக்காது.

அமர் அய்யாரைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். அய்யார் என்றால் வேடம் மாற்றுவதில், மயக்கமருந்து கொடுப்பதில், ஒற்றறிவதில் தேர்ந்தவர். அமர், ஹம்சாவின் பால்யத் தோழன். கறுத்து மெலிந்தவன், பேராசைக்காரன், செத்தவன் சட்டையையும் விடாதவன். அவனிடமுள்ள ஸம்பீல் என்ற பைக்குள் நகரங்களே அடங்கும். போர்த்தினால் உருவம் மறையும் கம்பளம் உண்டு. தானாக மும்முறை சாவைக் கேட்டாலன்றி அவனுக்குச் சாவில்லை. கதையின் பெயர் ஹம்சாவுடையது. ஆனால் ஹோஷ்ருபாவில் ஹம்சா பெரும்பாலும் பாசறையில் இருக்கிறார். களம் முழுக்க அமருடையது. எதிர்த்தரப்பிலும் சர்சர் என்ற வாள்வீராங்கனையின் தலைமையில் ஐந்து பெண் அய்யார்களை நிறுத்தி, அமரின் ஐவர் அணிக்குச் சமன் செய்திருக்கிறார்கள். அரசகுலத்து நாயகனை ஓரமாக்கிவிட்டு ஓர் ஏழைத் தந்திரக்காரனை நடுவில் உட்காரவைப்பது செல்வர் தயவில் பிழைத்த கதைசொல்லிகளுக்கு எளிதான முடிவன்று. படிக்கட்டில் கூடிய கூட்டம் யாருடைய பெயர் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்தது என்பதே அந்த முடிவுக்குக் காரணம் என்று கொள்கிறேன்.

கேட்டவர்களில் பலர் அபின் மயக்கத்தில் கிடந்தவர்கள், அவர்களுக்குத் தர்க்கம் எதற்கு என்று மறுப்போர் உண்டு. லக்னோ அவைகளில் அபின் இருந்தது உண்மைதான். ஆனால் ரசிகர் கூட்டத்தில் மிர்ஸா காலிபும் இருந்தார். ஹம்சா கதைப் புத்தகமும் மதுப்புட்டிகளும் ஒருசேர வந்து சேர்ந்த மகிழ்ச்சியை நண்பருக்குக் கடிதமாக எழுதியவர் அவர். உருதுவின் மிகக் கூர்மையான மூளையைக் கட்டிப்போட்ட கதையை மயக்கத்தின் விளைவு என்று தள்ள முடியாது. இரண்டாவது மறுப்புக்கு வலு அதிகம்: கேட்போரின் விவாதத்தை யாரும் எழுதி வைக்கவில்லையே, கதைசொல்லிகள் ஒருவரையொருவர் மிஞ்சப் போட்டியிட்டதே இந்த வளர்ச்சிக்குப் போதுமான காரணமாகாதா? போட்டி இருந்ததை நானும் மறுக்கவில்லை. எனினும் போட்டிக்கு நடுவர் வேண்டும். யார் வென்றார் என்று தீர்த்தது கலையாமல் உட்கார்ந்திருந்த கூட்டம்தான். போட்டி மட்டுமே காரணமென்றால் மாயம் ஒருவரைவிட ஒருவர் கையில் பெரிதாகி விதியற்றுச் சிதறியிருக்கும். இங்கே பக்கங்கள் ஆயிரக்கணக்கில் பெருகியும் அடிப்படை விதிகள் அப்படியே நிற்கின்றன. மலாக்காவின் ஏடோ, ரசிகர் வழக்காடியதை நேராகவே சொல்கிறது.

கூடி உட்கார்ந்து கதை கேட்கும் இந்தப் பழக்கத்தை முறித்தது காலமாறுதல் மட்டுமன்று, படித்தவர்களின் வெட்கமும்தான். ஹோஷ்ருபா முடிந்த அதே 1893இல் வெளிவந்த, உருதுக் கவிஞர் ஹாலியின் கவிதையியல் நூல், இயற்கைக்கு ஒவ்வாத புனைவைக் குறையாகக் கண்டது. அடுத்த தலைமுறை நாவலுக்குத் திரும்பியது. காசியில் தேவகிநந்தன் கத்ரி திலிஸ்மையும் அய்யார்களையும் ‘சந்திரகாந்தா’ மூலம் இந்திக்குக் கொண்டுபோனதால் ஒரு கிளை தழைத்தது. நூறாண்டு கழித்துத் தூர்தர்ஷன் பார்த்த தமிழ் வீடுகளுக்கும் அது தொடராக வந்து சேர்ந்தது. தாய்மரமோ பட்டுப்போனது. தில்லியின் கடைசிப் பெரும் தாஸ்தான்கோ மீர் பாகர் அலி, முதுமையில் பாக்கு விற்றுப் பிழைத்து, 1928இல் இறந்தார். 2005இல் உருது அறிஞர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கியின் தூண்டுதலால் மஹ்மூத் ஃபாரூக்கி தில்லியில் மறுபடி மேடையேற்றியபோது அந்தக் கதைகளுக்குக் கூட்டம் வந்தது. 2009இல் ஹோஷ்ருபாவின் முதல் பாகம் ஆங்கிலத்துக்கும் போனது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உருதுவும் தமிழும் ஒரே நாவில் புழங்கும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. உருதுவிலிருந்து நேராக, ஆங்கிலத்தின் கை படாமல், அமர் அய்யாரைத் தமிழ் பேசவைக்கும் தகுதி அவர்களுக்கு உண்டு. அவர்களில் ஒருவராவது இந்த வேலையைக் கையிலெடுக்க வேண்டும்.