பணிமூப்பு மரபும் நீதிபதி எச். ஆர். கன்னாவும்

இந்திய உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பதவி காலியாகும்போது, எஞ்சியுள்ள நீதிபதிகளில் யார் முதலில் அந்த நீதிமன்றத்தில் பதவியேற்றாரோ அவரையே அடுத்த தலைமை நீதிபதியாக்கும் வழக்கம் பணிமூப்பு மரபு எனப்படுகிறது. இது சட்டம் அன்று. உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று கூறும் அரசமைப்புச் சட்டத்தின் 124ஆம் கூறு, மூத்தவரே தலைமை ஏற்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பி நின்ற மரபு இருமுறை அப்பட்டமாக மீறப்பட்டது. இரண்டாம் மீறலால் பதவியை இழந்தவர் ஹன்ஸ் ராஜ் கன்னா.

மரபின் முதற்சோதனை 1951 நவம்பரில் வந்தது. முதல் தலைமை நீதிபதி ஹரிலால் கானியா பதவியில் இருக்கையிலேயே காலமானபோது, அடுத்த மூத்தவராக இருந்தவர் முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த எம். பதஞ்சலி சாஸ்திரி. அவரைத் தவிர்த்து வேறொருவரை அமர்த்த அரசு எண்ணியதாகவும், அவ்வாறு செய்தால் தாங்கள் விலகிவிடுவதாகப் பிற நீதிபதிகள் தெரிவித்ததால் அவ்வெண்ணம் கைவிடப்பட்டதாகவும் நீதிமன்ற வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். 1958இல் எம். சி. செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம், தலைமை நீதிபதியைத் தேர்வதற்கு மூப்பு ஒன்றே அளவுகோலாக இருத்தலாகாது, நிர்வாகத் திறனையும் பார்க்க வேண்டும் என்று தன் 14ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட அந்தப் பரிந்துரை பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நோக்கத்துக்குத் துணையாயிற்று. இடையில், 1964இல் அடுத்த மூத்தவரான நீதிபதி ஜாஃபர் இமாம் உடல்நலக் குறைவால் தவிர்க்கப்பட்டதை மரபு மீறல் என்று எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை.

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது எதை நீக்கினால் அந்தச் சாசனமே தன் இயல்பை இழந்துவிடுமோ அதை, நாடாளுமன்றம் திருத்த முடியாது என்று ஏழு பேர் கருதினர். இரு தரப்பிலும் ஆறு ஆறு பேர் நிற்க, தனித்தெழுதிய கன்னாவின் தீர்ப்பே தராசைச் சாய்த்தது. மறுநாள் ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி, அரசின் பக்கம் எழுதியிருந்த ஏ. என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் விலகினர். நாடாளுமன்றத்தில் இந்த நியமனத்தை முன்னின்று ஆதரித்த அமைச்சர் மோகன் குமாரமங்கலம், செதல்வாட் ஆணையத்தின் பரிந்துரையையே சான்றாகக் காட்டினார். அந்த ஆணையம் தேடியது திறனை, அரசு தேடியதோ உடன்பாட்டை என்பது அப்போதே பலருக்கும் விளங்கியது.

1912 ஜூலை 3 அன்று அமிர்தசரஸில் பிறந்து, அங்கேயே வழக்குரைஞராக இருந்து, 1952இல் மாவட்ட நீதிபதியாகி, பஞ்சாப், டெல்லி உயர் நீதிமன்றங்களில் பணியாற்றியபின் 1971இல் உச்ச நீதிமன்றம் வந்த கன்னா, படிப்படியாக ஏறிவந்த நிதானமான நீதிபதி. 1975 ஜூனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டதும், வாழ்வுரிமைக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆம் கூற்றை நிலைநாட்ட நீதிமன்றத்தை அணுகும் உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. ‘மிசா’ என்று தமிழகத்தில் வீடுதோறும் அறியப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ், விசாரணையின்றி ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டனர். 1976 ஜனவரி இறுதியில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டபின் சென்னைச் சிறையும் அவர்களால் நிறைந்தது. அடைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூற, அரசு மேல்முறையீடு செய்தது. வரலாற்றில் ஜபல்பூர் வழக்கு என்று நிலைத்தது அதுவே.

விசாரணையின்போது, ஒரு காவல் அதிகாரி பகையின் காரணமாக ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்கும் பரிகாரம் இல்லையா என்று கன்னா கேட்டார். நெருக்கடிநிலை நீடிக்கும்வரை இல்லை என்று ஒப்புக்கொண்டார் அரசின் தலைமை வழக்குரைஞர் நிரேன் டே. அந்த விடையைக் கேட்ட பின்னும் ரே, பெக், சந்திரசூட், பகவதி ஆகிய நால்வர் 1976 ஏப்ரல் 28 அன்று அரசின் வாதத்தை ஏற்றது இந்திய நீதித்துறையின் ஆறாத வடு. கன்னா மட்டும் மாறுபட்டு, சட்டத்தின் ஆணையின்றி ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கலாகாது என்ற நெறி அரசமைப்புக்கும் முந்தியது என்றும், ஆகவே 21ஆம் கூறு நிறுத்தப்பட்டாலும் அந்த நெறி மடிந்துவிடாது என்றும் எழுதினார். அந்தத் தீர்ப்பு தம்மைத் தலைமைப் பதவியை இழக்கச் செய்யும் என்பதை ஹரித்துவாரில் கங்கைக் கரையில் தம் தங்கையிடம் முன்கூட்டியே சொன்னதாகத் தன்வரலாற்றில் அவர் பதிவு செய்திருக்கிறார்.

அவ்வாறே நடந்தது. 1977 ஜனவரியில் ரே ஓய்வு பெற்றபோது கன்னாவே மூத்தவர். அரசு பெக்கை நியமிக்க, கன்னா விலகல் கடிதம் கொடுத்தார். 65 வயதில் ஓய்வு என்னும் விதிப்படி அவர் ஏறத்தாழ ஐந்து மாதங்களே தலைமை வகித்திருப்பார். அந்தச் சில மாதங்களைக்கூட விட்டுவைக்க அரசுக்கு மனம் வரவில்லை என்பதிலிருந்தே, நியமன அதிகாரம் எவ்வளவு எளிதில் தண்டனைக் கருவியாகும் என்பது தெளிவாகிறது.

பிறகு அவர் சட்ட ஆணையத்தின் தலைவரானார்; 1979இல் சில நாட்கள் மட்டும் மத்திய சட்ட அமைச்சராக இருந்தார்; 1982 குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்று ஜெயில் சிங்கிடம் தோற்றார். இவற்றைவிட, அவர் உயிரோடு இருக்கையிலேயே, அவர் அமர்ந்து தீர்ப்புச் சொன்ன இரண்டாம் எண் நீதிமன்ற அறையில் வழக்குரைஞர் உலகம் அவர் உருவப்படத்தை மாட்டிவைத்ததே பெருஞ்சிறப்பு. 1999இல் பத்ம விபூஷண் பெற்ற அவர், 2008 பிப்ரவரி 25 அன்று டெல்லியில் 95ஆம் வயதில் காலமானார். நெருக்கடிநிலையிலும் 20, 21ஆம் கூறுகளை நிறுத்த முடியாது என்ற 44ஆம் திருத்தத்தை அவர் கண்ணாலேயே கண்டார். ஜபல்பூர் தீர்ப்பு தவறென்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அறிவித்ததைக் காண அவர் இல்லை.

மரபைப் பொறுத்தவரை, 1978இல் பெக் ஓய்வு பெற்றபோது எழுந்த சிக்கல் சிந்திக்கத்தக்கது. அடுத்த மூத்தவர் சந்திரசூட். ஜபல்பூர் வழக்கில் அரசின் பக்கம் நின்ற அவரை நியமிக்கலாகாது என்று பலர் வற்புறுத்தினர். நெருக்கடிநிலையில் தாமே சிறையிருந்து, பின்னர் பிரதமரான மொரார்ஜி தேசாயின் அரசு, பழிதீர்க்க எளிதான அந்த வாய்ப்பை விடுத்து மூத்தவரையே நியமித்தது. தனக்கு உவப்பில்லாதவரிடமும் மரபைக் காத்த அந்த முடிவே 1973இலும் 1977இலும் உடைந்ததை மீண்டும் பொருத்தியது. அதன்பின் இதுவரை மூத்தவரைத் தாண்டிய நியமனம் நிகழவில்லை. ஆயினும் 124ஆம் கூறு மூப்பைப் பற்றி இன்றும் பேசவில்லை. அரசும் நீதிமன்றமும் பின்பற்றும் நியமன நடைமுறைக் குறிப்பும், பதவிக்குத் தகுதியுடையவராகக் கருதப்படும் மூத்த நீதிபதி என்றே கூறுகிறது.