செப்டிக் டேங்க்: நமக்கு வந்து சேராத மறுபாதி

ஆனைக்குட்டம்னா எங்க பக்கத்துல எல்லாருக்கும் அணைதான் ஞாபகம் வரும். அர்ச்சுனா நதியில கட்டினது. விருதுநகர்க்காரங்க குடிக்கிற தண்ணியில இதுக்கும் பங்கு உண்டு. போன வைகாசியில ஊர்ல வீட்டுக்குப் பின்னாடி செப்டிக் டேங்க் கட்டினோம். அதுலயிருந்து வெளிய வர்ற தண்ணி எங்க போகும்னு கொத்தனார்கிட்ட கேட்டேன்.

"வாறுகால்லதான் தம்பி. எல்லா வீட்லயும் அப்படித்தான?"

வாறுகால் ஓடைக்கு, ஓடை ஆத்துக்கு. டேங்குலயே தண்ணி சுத்தமாயிடுதேன்னு அவர் கட்சி. சரி, இந்த டேங்கோட பூர்வீகத்தையே தோண்டிப் பாத்துடுவோம்னு உக்காந்தேன் (சிலேடை தானா வந்து விழுந்தது, மன்னிச்சுக்குங்க :-)).

பிரான்சில் வெசூல் என்ற ஊர். 1860 வாக்கில் ழான் லூயி மூரா என்பவர் தன் வீட்டுக் கழிவுக்கு ஒரு மூடிய தொட்டி கட்டினார். பல வருஷம் கழிச்சுத் திறந்து பார்த்தால், நிறைந்து கிடக்க வேண்டிய கெட்டிக் கழிவைக் காணோம், பெரும்பாலும் தண்ணிதான்! காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் செய்த வேலை அது. 1881ல் காப்புரிமை வாங்கினார். 1895ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரன் இதே மாதிரி கட்டி, செப்டிக் டேங்க் என்று பேர் வைத்தார். அதில் கிளம்பிய வாயுவில் விளக்கும் எரித்தார்கள். கொஞ்ச வருஷத்திலேயே பம்பாய் மாதுங்கா தொழுநோய் இல்லத்திலும் இந்தக் கழிவு வாயு பயன்பட்டிருக்கு. அதாவது நம்ம நாட்டுக்கு இது ஒண்ணும் புதுச் சரக்கு இல்லை.

ஆனா கவனிங்க, கேமரன் டேங்கோடு நிறுத்தவில்லை. வெளியே வந்த தண்ணியை வடிகட்டும் படுகைகளில் விட்டார். ஏன்னா டேங்குக்குள்ளே நடப்பது கெட்டியானது படிந்து கொஞ்சம் கரைவது மட்டும்தான். அழுக்கில் பாதியும், காலரா, டைபாய்டு கிருமிகளும், புழு முட்டைகளும் தண்ணியோடு வெளியே வந்துவிடும். காற்று புகுற கல்லிலும் மண்ணிலும்தான் மிச்ச வேலை நடக்கும். நமக்கு வந்து சேர்ந்தது டேங்க் மட்டும். படுகை வழியிலேயே எங்கேயோ தொலைஞ்சு போச்சு.

உறிஞ்சு குழி வெட்டலாமேன்னு கேப்பீங்க. எங்க பக்கம் கரிசல் மண்ணுங்க. கோடையில வெடிச்சுக் கிடக்கும், மழை பெஞ்சா ஊதி அடைச்சுக்கும், தண்ணி இறங்கவே இறங்காது.

இன்னொரு பக்கமும் இருக்கு, அடியில் சேரும் சகதி. லாரி உறிஞ்சிக் கொண்டு போய் எங்கே கொட்டும்? அதைச் சுத்திகரிக்கத் தமிழ்நாட்டின் முதல் நிலையம் மதுராந்தகம் பக்கம் கருங்குழியில் வந்ததே 2017ல்தான். மூரா காப்புரிமை வாங்கி 136 வருஷம் கழிச்சு! லாரி வராத இடத்துல ஆளை இறக்குறாங்க. அதே வாயு ஆளைக் கொல்லுது. 2013ல சட்டம் போட்டுத் தடுத்தாச்சு, 2014ல உச்ச நீதிமன்றம் இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம்னு சொன்னது, 2023ல 30 லட்சமாச்சு. தொகைதான் ஏறுது. எனக்கு இதுல கோபம்தான் வருது.

கொத்தனார்கிட்ட பேசிப் பேசி, வாறுகாலுக்குப் போற பைப்பைத் திருப்பினோம். நீளமா ஒரு தொட்டி, தரைக்கு சிமெண்ட் பூசி, ஜல்லி நிரப்பி, மேல கல்வாழை. அதைத் தாண்டி வர்ற கொஞ்சத் தண்ணி வாழைக்கு.

"செலவு கூடுதல் தம்பி"ன்னார் அவர். கூடுதல்தான், கிட்டத்தட்ட டேங்க் செலவுல கால்வாசி.

கல்வாழை பூத்திருச்சு. பக்கத்து வீட்டு பைப் இன்னும் வாறுகால்லதான் இருக்கு.